சனிக்கிழமை மீன்

சூடைப்பிட்டியில் ஒருவர் புதுச்சட்டை போட்டால், அது எங்கேயிருந்து வந்தது என்று தெரியும்வரை மற்றவர்களுக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட ஊரில், மீன் பார்க்கிற லோறன்சின் பெண்சாதி அற்புதம் பம்பாய்க்குப் போகப்போகிறாள் என்று மாதா கோயில் சுவாமியார் பிரசங்கத்தில் சொன்னால் என்ன நடக்கும்? முதலில் ஊர் சிரித்தது. பிறகு செலவைக் கணக்குப் பார்த்தது. அதற்குப் பிறகு சந்தேகப்படத் தொடங்கியது.

அறுபத்து நாலாம் ஆண்டு, தென்மேற்குச் சோளகக் காற்று ஓய்கிற நேரம். மாரிக்குள் பம்பாயில் நற்கருணை மாநாடு நடக்கப்போகிறது, பாப்பரசரே வருகிறார் என்று கதை. தலைமன்னாரில் கப்பல் ஏறி, அங்காலே ரயிலில் போகிற கூட்டத்தில் கோயிலுக்கு ஒரு இடம். செலவில் ஒரு பங்கை மேலிடம் பார்த்துக்கொள்ளும், மிச்சத்தை ஊர் சேர்க்க வேண்டும். முல்லைத்தீவுக்குத் தெற்கே மணலில் கிடக்கிற இந்தச் சின்னக் கரைக்கும் ஒரு இடம் கிடைத்துவிட்டது.

"போறவர், வந்து எங்களுக்குச் சொல்லக்கூடிய ஆளா இருக்கவேணும்," என்றார் சுவாமியார்.

அப்படிச் சொன்னால் அது அற்புதம்தான். வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் அர்ச்சிஷ்டவர்கள் என்கிற புனிதர்களின் சரித்திரம் வாசிப்பது அவள். அவள் வேதசாட்சிகளின் பாடுகளை வாசித்தால், வெளியே நிற்கிற ஆம்பிளைகளும் சுருட்டை அணைத்துவிட்டு உள்ளே வருவார்கள். பதினைந்து வயதில் கன்னியர் மடத்துக்குப் போகப்போகிறேன் என்று அழுதவள் அவள். தகப்பன் விடவில்லை, லோறன்சுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார். கட்டியபின் அந்தக் கதையை அவள் எடுத்ததில்லை. ஒரே மகள் சுசிலாவும் மன்னாரில் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். மன்னாருக்கு அப்பால் உலகம் இருப்பது அற்புதத்துக்குப் புத்தகத்தில்தான் தெரியும்.

"எனக்குப் போகவேணும்," என்று அன்றைக்கு லோறன்சிடம் சொன்னாள். "கலியாணம் கட்டி இவ்வளவு காலத்திலை உங்களிட்டை ஒரு நல்ல சேலை கேட்டிருப்பனே? இதைக் கேக்கிறன். எனக்குப் போகவேணுமப்பா."

லோறன்ஸ் அதிகம் கதைக்கிறவன் இல்லை. "போவாய்," என்றான். அவ்வளவுதான்.

அவன் கரைவலைச் சொந்தக்காரர் பஸ்தியாம்பிள்ளைச் சம்மாட்டிக்கு மீன் பார்க்கிறவன். கரைவலையில் எல்லாரும் உடம்பால் உழைக்க, ஒருவன் மட்டும் கண்ணால் உழைப்பான். விடியமுன் மணல்மேட்டில் ஏறி நின்றால், வெயில் உச்சிக்கு வரும்வரை கண் தண்ணீரிலேயே இருக்கும். மற்றவர்களுக்கு எல்லாம் ஒரே கடல். அவனுக்கு ஒரு இடத்தில் தண்ணீர் கறுத்திருப்பது தெரியும், இன்னொரு இடத்தில் மேல்தண்ணீர் சிலிர்ப்பது தெரியும், அது பாரை மீனா சூடை மீனா என்பதும் தெரியும். தோளில் கிடக்கிற சால்வையை உருவி அவன் வீசினால் வள்ளம் வலையோடு இறங்கும். வீசாவிட்டால் அத்தனை பேரும் மணலில் குந்தியிருந்து சுருட்டுப் பிடிக்க வேண்டியதுதான். அவன் சொல்லை யாரும் மறுத்துக் கதைப்பதில்லை. மறுத்து என்ன செய்வது, அவன் காண்கிறதை வேறு யார் காண்கிறார்கள்?

காசு சேர்க்கத் தொடங்கினார்கள். வீட்டுக்கு வீடு பிடியரிசி, கிழமைக்கு ஒரு முட்டை, ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் முற்றத்துப் பூவரசின் கீழ் கோழி ஏலம். கொடுக்கிற கை கொடுத்தது, கண் பின்னாலேயே போனது. பக்கத்து வளவுத் திரேசம்மா ஒருநாள் அற்புதத்தின் குசினி வாசலில் வந்து நின்றாள். அவள் புருசன் செபமாலை கரைவலையில் கயிறு இழுக்கிறவன், வீட்டில் சின்னப்பிள்ளைகள்.

"அற்புதமக்கா, நான் தந்தது நல்ல பெரிய முட்டை. ஏலத்திலை கிடந்ததெல்லாம் புறாமுட்டை மாதிரி."

"உன்ரை முட்டைக்கு நீ பேர் வைச்சோ தந்தனி, திரேசம்மா?"

"சும்மா கேட்டனானக்கா. என்ன, இண்டைக்குச் சோறோ? கூப்பன் அரிசி முடிஞ்சுபோச்சு எண்டல்லோ புதன்கிழமை சொன்னியள்?"

அற்புதம் சட்டியின் மூடியைத் தூக்கிக் காட்டினாள். மரவள்ளிக்கிழங்கு அவிந்துகொண்டிருந்தது.

"பார். வடிவாப் பார். பிடியரிசி அங்கை சுவாமியின்ரை அறையிலை சாக்கிலை கிடக்கு. வேணுமெண்டால் அதையும் போய்க் கிண்டிப் பார்."

"ஐயோ, நான் அப்பிடியே சொன்னனான்?"

"நீ சொல்லேல்லை. உன்ரை மூக்குச் சொல்லுது."

இருந்தும் கிழங்கில் ஒரு துண்டைத் தேங்காய்ச் சம்பலோடு வைத்துக் கொடுத்தாள். திரேசம்மாவும் வாங்கிச் சாப்பிட்டாள். அந்த ஊரில் சண்டை ஒரு பக்கம் நடக்கும், சாப்பாடு ஒரு பக்கம் நடக்கும்.

முட்டை விற்று எப்போது பம்பாய் போவது? ஒரு மாதம் போனபின்னும் பாதிகூடச் சேரவில்லை. அப்போதுதான் பஸ்தியாம்பிள்ளைச் சம்மாட்டி ஏலம் நடக்கிற இடத்தில் எழும்பி நின்று தொண்டையைச் செருமினார்.

"உந்தக் கோழியளை வித்து ஒண்டும் நடக்காது. நான் ஒரு பாடு, ஒருக்கா வலை இழுத்து எடுக்கிற மீன் முழுக்கத் தாறன். வாற ஞாயிறு பூசை முடிய வலையைப் போடுவம். வலைமடியிலை என்ன வந்தாலும் மாநாட்டுக்கு. எனக்குப் பங்கு வேண்டாம். பொடியளும் சும்மா இழுத்துக் குடுக்கட்டும். என்ன சொல்லுறியள்?"

ஞாயிற்றுக்கிழமையில் அந்தக் கரையில் வலை நனைந்ததில்லை. ஆனால் ஆண்டவருடைய அலுவல் என்றபடியால் சுவாமியார் உத்தரவு கொடுத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். தட்டிக்கொண்டே யோசித்தார்கள்.

"இரண்டு கிழமையா மடியிலை குப்பைதானே வருது," என்று வீட்டுக்குப் போகிற வழியில் செபமாலை சொன்னான். "வெறும் வலையைத் தானம் பண்ணுறார் மனுசன்."

"உனக்கு விளங்கேல்லையே?" என்றாள் திரேசம்மா. "மதலேனம்மாவுக்கும் பம்பாய் ஆசை. இது சரிவராட்டில், காசு கட்டக்கூடிய ஆள்தானே போகலாம்? ஊரிலை காசு கட்டக்கூடிய ஆள் ஆர்?"

மதலேனம்மா சம்மாட்டியின் பெண்சாதி. திரேசம்மா அதைக் கெட்ட எண்ணத்தில் சொன்னாள் என்று சொல்ல முடியாது. அதை லோறன்சும் கேட்டுக்கொண்டு பின்னால் வந்தான்.

சனிக்கிழமை விடிய எல்லாரும் கரைக்கு வந்தார்கள். மாரி பிறந்தால் வாடைக்காற்று கடலை மூடிவிடும், தைமாசம் கழியும்வரை வருமானம் இல்லை. அதற்கு முன் வருகிற ஒவ்வொரு பாடும் பிள்ளைகளின் வயிறு. லோறன்ஸ் மேட்டில் நின்றான். வெயில் ஏறியது. சால்வை தோளிலேயே கிடந்தது.

செபமாலை மேட்டடிக்கு வந்து கேட்டான்: "என்னண்ணை, ஒண்டும் இல்லையே?"

"தண்ணி கலங்கல்."

"அங்கை முகத்துவாரப் பக்கம் குருவியள் சுத்துதுகள், கீழை மீன் இருக்காதே?"

"குருவியளை நம்பி வலை போட்டால் குருவிதான் வரும்," என்றான் லோறன்ஸ்.

கீழே இருந்தவர்கள் சிரித்தார்கள். லோறன்ஸ் பகிடி விடுவது அபூர்வம். சிரித்துவிட்டு வலையைப் போடாமல் வீட்டுக்குப் போனார்கள்.

ஞாயிறு பூசைக்கு ஊர் முழுக்க வந்திருந்தது. நற்கருணை வாங்குகிற, ஊர்ப்பேச்சில் நன்மை எடுக்கிற நேரம் அற்புதம் பெண்கள் பக்கத்திலிருந்து போய்ப் பீடத்தின் முன் கிராதியடியில் முழந்தாளிட்டு, நன்மை வாங்கி, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு திரும்பினாள். திரும்பும்போது ஆண்கள் பக்கம் பார்வை போனது. எல்லாரும் எழும்பிப் போன இடத்தில் லோறன்ஸ் மட்டும் தனியாக முழந்தாளில் நின்றான். எந்த ஞாயிறும் நன்மை எடுக்காமல் விடாத மனிதன்.

"ஏனப்பா எடுக்கேல்லை?" என்று முற்றத்தில் கேட்டாள்.

"விடிய மறந்துபோய்த் தேத்தண்ணி குடிச்சுப்போட்டன்."

பூசைக்கு முன் வாயில் ஏதாவது பட்டால் நன்மை எடுக்கக்கூடாதுதான். ஆனால் அவள் அன்று விடிய அடுப்பே மூட்டவில்லை. எந்தத் தேத்தண்ணி என்று கேட்க வாய் எடுத்தாள். அதற்குள் சனம் கரைக்குக் கிளம்பிவிட்டது.

லோறன்ஸ் மேட்டில் ஏறிக் கனநேரம் நிற்கவில்லை. சால்வையை உருவி வீசினான். வள்ளம் முகத்துவாரப் பக்கமாக வளைந்து வலையை இறக்கிக்கொண்டு திரும்பியது. இரண்டு கயிற்றிலும் ஆம்பிளைகள் பிடித்தார்கள். பெண்கள் பூசைச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் பிடித்தார்கள். வலை இழுக்கிற அம்பாப் பாட்டு எழும்பியது. முதல் ஒரு பாட்டம் கயிறு சுகமாக வந்தது. பிறகு வரவில்லை. காலை மணலில் ஊன்றிச் சரிந்து இழுத்தாலும் கயிறு அசைய மறுத்தது. பாட்டு நின்று, மூச்சு மட்டும் கேட்டது.

"பாறையிலை மாட்டிச்சோ?" என்று ஒருவன் கத்தினான்.

"பாறையில்லையடா, பாரை!" என்று தண்ணீரில் நின்றவன் திருப்பிக் கத்தினான்.

மடி கரைக்கு வந்தபோது தண்ணீர் கொதிக்கிற உலைபோலக் குதித்தது. ஒவ்வொன்றும் கைநீளப் பாரை. அந்தப் பருவத்தில் யாரும் காணாத மீன். சனம் "மாதாவே, மாதாவே" என்று அழுதது. அற்புதம் மணலில் விழுந்து கும்பிட்டாள். போகப்போகிறேன், போகப்போகிறேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பஸ்தியாம்பிள்ளைச் சம்மாட்டி மட்டும் மடியைச் சுற்றி ஒருமுறை நடந்தார், பிறகு இன்னொருமுறை நடந்தார். வாயில் வார்த்தை வரவில்லை.

மீன் வாங்க லொறியோடு வந்திருந்தவர் நெளுக்குளத்துக் கனகலிங்கம். நேர்மையான மனிதர், அந்த நேர்மைதான் வினையாயிற்று. லொறியின் பின்பலகையை இறக்கியதும் உள்ளே நிரம்ப ஐஸ் பெட்டிகள்.

"என்ன முதலாளி, இவ்வளவு ஐஸ்?" என்றான் செபமாலை. "ஒரு பாட்டுக்கு ஒரு பெட்டி போதுமே?"

"நேற்று மத்தியானம் சந்தையடியிலை லோறன்ஸ் அண்ணையைக் கண்டனான். கனக்க ஐஸ் எடுத்துக்கொண்டு வாங்கோ எண்டு அவர்தான் சொன்னவர்," என்றார் கனகலிங்கம், மீனை நிறுத்துக்கொண்டே.

செபமாலை லோறன்சைப் பார்த்தான். லோறன்ஸ் வலையில் சிக்கியிருந்த பாசியை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"மாதாவிலை நம்பிக்கை வைச்சுச் சொன்னனான்," என்றான் நிமிராமல்.

சுவாமியாருக்கு அந்தப் பதில் நிரம்பப் பிடித்துக்கொண்டது. காசை வாங்கித் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டினார். இது மாதா செய்த புதுமை, மனிதனால் ஆகாதது என்றார். புதுமை என்று சுவாமியார் சொன்னபின் அதைச் சந்தேகப்பட்டால் மாதாவைச் சந்தேகப்பட்டதாகப் போய்விடும். ஆகையால் ஊர் மாதாவை விட்டுவிட்டு லோறன்சைச் சந்தேகப்பட்டது. வெறும்வாயை மென்றுகொண்டிருந்த வாய்களுக்கு அவல் கிடைத்தது. குருவிகள் சுற்றியதைக் கண்டவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். அன்று கரைக்கே வராதவர்களும் கண்டார்கள்.

கடைசியில் கிணற்றடியில் திரேசம்மாதான் கேட்டாள், சின்னக் குரலில், வாளியைக் கையில் வைத்துக்கொண்டு:

"அக்கா, கோவிக்காதேங்கோ. மாதா புதுமை செய்த அண்டைக்கு அண்ணை ஏன் நன்மை எடுக்கேல்லை?"

"தேத்தண்ணி குடிச்சவராம்."

"நீங்கள் ஊத்திக் குடுத்தனீங்களே?"

அற்புதத்துக்குப் பொய் வராது. பதில் சொல்லாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். தண்ணீர் வழி முழுக்க அலம்பியது. திரேசம்மாவுக்கு அந்த மௌனம் போதுமாக இருந்தது. அது மத்தியானத்துக்குள் கரையிலிருந்த சம்மாட்டியின் வாடிக் கொட்டிலுக்குப் போய்விட்டது.

பின்னேரம் வாடியில் கிழிந்த வலை பொத்துகிற இடத்தில், எல்லாரும் இருக்க, பஸ்தியாம்பிள்ளைச் சம்மாட்டி லோறன்சைக் கூப்பிட்டார்.

"லோறன்சு, நான் உன்னைக் கள்ளன் எண்டு சொல்லேல்லை."

"ஓம்."

"ஆனால் பொடியள் சொல்லுறாங்கள். சனிக்கிழமை நீ மீனைக் கண்டனியாம், கண்டும் வீசேல்லையாம். ஞாயிறு மாநாட்டுப் பாட்டிலை விழட்டும் எண்டு விட்டனியாம். நான் நம்பேல்லை. ஒரு வேலை செய். வாற ஞாயிறு எல்லாரும் பாக்க நன்மை எடு. அதுக்குப் பிறகு ஆரும் வாய் திறந்தால் என்னைக் கேள். எடுக்காட்டில்..."

மிச்சத்தை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. சாவான பாவத்தோடு நன்மை எடுக்கிற துணிவு அந்தக் கரையில் யாருக்கும் கிடையாது. கோட்டுக் கூண்டில் ஏறிச் சத்தியம் பண்ணிப் பொய் சொல்லுவார்கள், பிள்ளையின் தலையில் அடித்தும் பொய் சொல்லுவார்கள், நாக்கில் ஆண்டவரை வைத்துக்கொண்டு சொல்லமாட்டார்கள்.

"எடுக்கிறன்," என்றான் லோறன்ஸ்.

அந்தக் கிழமை முழுக்க அற்புதம் அவனைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். சோற்றைப் பிசைகிற விதத்தைப் பார்த்தாள், செபம் சொல்லும்போது வாய் அசைகிறதா என்று பார்த்தாள். கூடப் படுத்தெழும்புகிற மனிதனை இப்படி வேவு பார்க்க வேண்டி வந்ததே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு அவன் போகவில்லை. போயிருந்தால் சுவாமியார் முதலில் எடுத்ததைத் திருப்பிக் கொடு என்றுதான் சொல்லியிருப்பார்.

சனிக்கிழமை பொழுதுபட, சூடைக் கருவாட்டைப் பாயிலிருந்து அள்ளிக்கொண்டிருந்தபோது அவளால் பொறுக்க முடியவில்லை.

"மீனைக் கண்டனீங்களோ?"

அவன் பாயின் மற்றத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கேக்கிறன். கண்டனீங்களோ இல்லையோ?"

"கண்டனான்."

"எப்ப?"

"வெள்ளிக்கிழமை பின்னேரமே கண்டனான். முகத்துவாரத்தடியிலை கிடந்தது. சனிக்கிழமையும் கிடந்தது. ஒரு நாள் பொறுத்தால் ஞாயிறும் கிடக்கும் எண்டு தெரியும்."

"அண்டைக்குச் செபமாலை கேட்டவன். குருவியெண்டு பகிடி விட்டனீங்களாமே."

"ஓம்."

"அவன்ரை பிள்ளையள் அண்டைக்கு என்ன திண்டதுகள் தெரியுமே? ஊர்ச் சனத்தின்ரை சோத்தை எடுத்தோ எனக்கு ரிக்கற் எடுத்தனீங்கள்? நான் அங்கை போய் என்னெண்டு கும்பிடுறது? என்ன முகத்தோடை கும்பிடுறது?"

"நீ போகவேணும் எண்டு கேட்டாய்," என்றான் லோறன்ஸ். "ஒருக்காத்தான் கேட்டாய். எனக்கு வேறை என்ன தெரியும்? எனக்குக் கண் மட்டும்தானே கிடக்கு."

அவள் மணலில் இருந்துவிட்டாள். அவன் மேல் பொத்துக்கொண்டு கோபம் வந்தது. அவனைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது.

"நாளைக்கு என்ன செய்யப்போறியள்?"

"நன்மை எடுக்கப்போறன். ஊர் வாயை மூடும். நீ பம்பாய்க்குப் போட்டு வா."

"விசரே உங்களுக்கு? பாவத்தோடையோ?"

"அதை நான் பாக்கிறன்."

"தேவதுரோகமப்பா! நரகத்துக்கெல்லே போவியள்!"

"போனால் நான்தானே போறன்," என்றான் அவன், ஏதோ முல்லைத்தீவுச் சந்தைக்குப் போகிறவன் மாதிரி. பிறகு பாயைச் சுருட்டினான். 

ஞாயிறு கோயிலில் நிற்க இடமில்லை. பூசைக்கே வராதவர்களும் வந்திருந்தார்கள். பீடத்தைப் பார்த்த கண்ணைவிட லோறன்சின் முதுகைப் பார்த்த கண்தான் அதிகம். மதலேனம்மா முன்வரிசையில் கறுப்பு முக்காட்டோடு இருந்தாள். நன்மைக்கு மணி அடித்தது.

லோறன்ஸ் எழும்பினான். நேராக நடந்து கிராதியடியில் முழந்தாளிட்டான். பின்னால் செபமாலை நிம்மதியாக மூச்சு விட்டது கேட்டது. அவனுக்கும் லோறன்சைக் கள்ளனாக்க ஆசையில்லை. சுவாமியார் அந்தத் தலைப்பிலிருந்து ஒவ்வொருவராக நன்மை கொடுத்துக்கொண்டு வந்தார். லோறன்ஸ் கண்ணை மூடி வாயைத் திறந்தான். 

பெண்கள் பக்கத்திலிருந்து அற்புதம் எழும்பி நடுவழியைக் குறுக்கே கடந்து போனாள். அந்தக் கோயிலில் எந்தப் பெண்ணும் ஆண்கள் பக்கம் கால் வைத்ததில்லை. போய் அவன் தோளைப் பிடித்தாள்.

"எழும்புங்கோ."

அவன் அசையவில்லை.

"எழும்புங்கோ எண்டுறன். எனக்காண்டி ஆண்டவரைத் தொடாதேங்கோ. எனக்குப் பம்பாய் வேண்டாம்!"

வெள்ளிக்கிழமைகளில் வாசிக்கிற குரல் அது. கடைசி வரிசைக்கும் கேட்டது. சுவாமியாரின் கை அந்தரத்தில் நின்றது. லோறன்ஸ் கிராதியைப் பிடித்துக்கொண்டு எழும்பினான். அற்புதம் அவன் கையை விடாமல் நடுவழியால் கூட்டிக்கொண்டு வெளியே போனாள். சனம் அவர்களுக்கு வழி விட்டு விலகியது. 

பூசை முடிந்து சனம் வெளியே வந்தபோது இரண்டு பேரும் பூவரசின் கீழ் நின்றார்கள். லோறன்ஸ் தானாகவே சொன்னான்: "கண்டனான். கண்டும் வீசேல்லை. என்ரை பிழை."

செபமாலை அவனுக்கு முன்னால் வந்து நின்றான். அடிக்கப்போகிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவன் அழுதான்.

"அண்டைக்கு என்ரை பிள்ளையள் பச்சைத்தண்ணி குடிச்சிட்டுப் படுத்ததுகளண்ணை. என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால், அக்காவுக்காண்டி எண்டு நானே என்ரை பங்கைத் தந்திருப்பனே."

லோறன்சுக்கு நிமிர முடியவில்லை. அதைவிட அடித்திருந்தால் அவனுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

சுவாமியார் காசை எடுத்துக்கொண்டு வந்து ஏல மேசையில் வைத்தார். அவருடைய முகம் செத்துப்போயிருந்தது, புதுமை ஒன்று கையை விட்டுப் போனால் எந்தச் சுவாமியாருக்கும் அப்படித்தான் இருக்கும். "இதை என்ன செய்யிறது?" என்றார்.

"இதென்ன கேள்வி சுவாமி?" என்றார் பஸ்தியாம்பிள்ளைச் சம்மாட்டி. ஒரு கிழமைக்குப் பிறகு அவருக்குப் பேச்சு நன்றாக வந்தது. "நான் தந்தது ஞாயிற்றுக்கிழமைப் பாடு. இது ஞாயிற்றுக்கிழமை மீனில்லை. சனிக்கிழமை மீன். சனிக்கிழமை மீனெண்டால் பாதி வலைக்கு, பாதி இழுத்த ஆக்களுக்கு. ஊர் வழக்கம் அதுதானே?"

யாரும் மறுக்கவில்லை. அவர் தன் பாதியை எண்ணிச் சால்வையில் முடிந்துகொண்டார். மற்றப் பாதியை ஆட்களுக்குப் பிரித்தார். ஒவ்வொருவராக வந்து வாங்கினார்கள். லோறன்ஸ் வரவில்லை. அவனை யாரும் கூப்பிடவுமில்லை. மேசை வெறுமையாகப் போகிற நேரம் அற்புதம் முன்னுக்கு வந்தாள்.

"சம்மாட்டியார், எங்கடை பங்கு?"

சனம் வாயைப் பிளந்தது. "வெக்கமில்லையே இவளுக்கு!" என்று மதலேனம்மா சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

"ஆருக்குப் பங்கு?" என்றார் சம்மாட்டி. "களவெடுத்தவனுக்கோ?"

"இது சனிக்கிழமை மீனெண்டு நீங்கள்தானே சொன்னியள்? சனிக்கிழமை இந்த மீனைக் கண்டது ஆர்? மீன் கண்டவருக்கு ஒரு பங்கும் மேலாலை அரைப்பங்கும். அதுவும் ஊர் வழக்கம்தானே? அவர் கண்டவர் கண்டவர் எண்டு ஒரு கிழமையா நீங்கள் எல்லாரும் சொன்னனீங்கள். அவரும் ஓமெண்டு சொல்லிப்போட்டார். தாங்கோ."

பின்னால் யாரோ சிரித்துவிட்டான். பிறகு இன்னும் சிலர் சிரித்தார்கள். சம்மாட்டி சுவாமியாரைப் பார்த்தார். சுவாமியார் பூவரசம் இலைகளைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் சம்மாட்டி தன் சால்வை முடிச்சை அவிழ்த்து எண்ணிக் கொடுத்தார்.

அற்புதம் அதை வாங்கி லோறன்சின் கையில் வைத்தாள்.

"நீங்களே கொண்டுபோய்க் குடுங்கோ," என்றாள்.

அவன் செபமாலையிடம் போய்க் கையை நீட்டினான். செபமாலை முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்கினான். பிள்ளைகள் உள்ளவன், வாங்காமல் என்ன செய்வான்? லோறன்சுக்கு மணல்மேடு அன்றோடு போனது. அடுத்த நாளிலிருந்து அவனும் மற்றவர்களோடு கயிறு இழுத்தான்.

கார்த்திகையில் மதலேனம்மா பம்பாய்க்குப் புறப்பட்டாள். சம்மாட்டியின் பாதிப் பங்கு அதற்குத்தான் போனது. அந்த நாளே ஊருக்கு இன்னொரு யோசனை வந்துவிட்டது: முகத்துவாரத்தில் மீன் கிடந்தது சம்மாட்டிக்கும் முன்னமே தெரிந்திருக்குமோ? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா.

பஸ் வருகிற சந்தியில் மழை தூறிக்கொண்டிருந்தது. புது ட்றங்குப் பெட்டியோடு மதலேனம்மா நிற்க, பெண்கள் வழியனுப்பும் பாட்டுப் பாட வேண்டியிருந்தது. மற்றவர்களுக்குப் பாட்டின் சொல்லும் இராகமும் பிடிபடாதபடியால் அற்புதம்தான் எடுத்துக் கொடுத்தாள். ஒரு அடியும் பிசகாமல் கடைசிவரை பாடினாள். பஸ் வளைவில் மறைந்தபிறகு, எல்லாரும் பார்க்க, வாய்விட்டு அழுதாள். திரேசம்மா ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். அவளும் அழுதாள்.

சனம் கலைந்தபின் லோறன்ஸ் குடையோடு பக்கத்தில் வந்தான். இத்தனை நாளில் அவள் அவனோடு அளவாகத்தான் கதைத்திருந்தாள்.

"உன்னை எப்பிடியும் அனுப்பவேணும் எண்டுதானப்பா..." என்று தொடங்கினான்.

"தெரியும்," என்றாள் அற்புதம், மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு. "வேறை எதுக்காண்டி எண்டாலும் அண்டைக்கே மன்னிச்சிருப்பன். எனக்காண்டிச் செய்தபடியால்தான் மன்னிக்கேலாமல் கிடக்கு."

அவன் குடையை அவள் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி வீடுவரை நடந்தான்.